கடைசி ஆளாக வரும் மேவிஸ்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மேவிஸ் டனிக்ளிஃப் எல்லோருக்கும் கடைசியில்தான் நடக்கிறார். அது அவருடைய வேலை. இங்கிலாந்தின் டார்பிஷயரில் அவர்கள் ஊர் நடைக்குழுவில் முன்னால் ஒருவர் வழிகாட்டிப் போவார். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு பின்னால் ஒருவர் வருவார். முன்னால் போகிறவர் மேவிஸின் கணவர் நாரிஸ். பின்னால் வருகிறவர் மேவிஸ். நடுவில் இருபது பேர், சில நாய்கள்.

இரண்டு வாரத்துக்கொரு ஞாயிறு தவறாமல் நானும் மேவிஸும் சேர்ந்து நடக்கிறோம் என்று நாரிஸ் பெருமையாகச் சொல்வார். ஒரே பாதையில் நடந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் இருவருக்கும் இடையில் எப்போதும் அரை மைலாவது இருந்தது. மேவிஸுக்கு அதில் குறையொன்றும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்துக் கார்களை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடக்க விட்டவர் அவர். கடைசிப் பிள்ளை அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நகராமல் நிற்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. நாரிஸ் பஸ் ஓட்டியவர். எதிரே சாலை காலியாகக் கிடந்தால்தான் அவருக்கு மனசு நிறையும்.

விஷயம் மேவிஸுக்கு முதலில் தெரிந்தது நாரிஸின் தொப்பியால். போன இலையுதிர் காலத்தில் ஒரு நடையின்போது, பின்னால் இருந்தபடியே அந்தப் பச்சைத் தொப்பி அவர் கண்ணில் பட்டது. அதற்கு முன்பு அப்படிப் பட்டதே இல்லை. நாரிஸ் எப்போதோ அடுத்த மேட்டைத் தாண்டியிருப்பார். அடுத்த நடையில் தொப்பி இன்னும் கிட்டத்தில் தெரிந்தது. வசந்தம் வந்தபோது அவர் இருமுவதே காதில் விழுந்தது.

நாரிஸின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மேடு ஏறினால் மூச்சும் வாங்கியது. நாரிஸ் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. குழு தன் நடைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'எளிது' என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயர் வருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவரிடம் யாரும் எதுவும் சொல்லவுமில்லை. முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது என்பது எங்கும் எழுதப்படாத, எல்லோரும் மதிக்கும் வழக்கம். அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். ஆனால் அவருக்காகத்தான் நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் அந்த வசந்தத்தில் அவிழ்ந்ததுபோல் குழுவின் பூட்ஸ் கயிறுகள் எந்தக் காலத்திலும் அவிழ்ந்ததில்லை. ஒரே ஓக் மரத்தைப் பத்துப் பேர் படமெடுத்தார்கள். பறவை என்றால் கோழியும் வாத்தும் மட்டுமே தெரிந்தவர்கள்கூடப் புதருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்படியே எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டியிருப்பார்கள். ஆனால் ஏப்ரலில் இரண்டு நடைகள் நேரமாகி முடிந்தபோது தேநீர்க்கடை மூடியிருந்தது. முழங்காலைப் பொறுத்துக்கொண்ட குழுவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செயலாளர் பிலிப்பா ஸ்டென்ட் மேவிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லோருக்கும் நாரிஸ் மேல் எவ்வளவு பிரியம் என்பதைப் பற்றியே வெகுநேரம் பேசினார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க சொன்னா அவர் கேப்பாரு மேவிஸ். நாங்க சொன்னா மனசு உடைஞ்சுபோயிடும்."

நான் சொன்னால் உடையாதா என்று மேவிஸ் கேட்கவில்லை. மே மாதக் கடைசி ஞாயிறு, தார்ன்ஹே மாளிகைத் தோட்டத்து நடையில் சொல்லிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

தார்ன்ஹே நடை ஏழு மைல், நடுத்தரம். வாயில்காப்பாளர் வீட்டருகே தொடங்கி, லிண்டன் மரச்சாலை வழியாக ஏரிக்குப் போய், மான் பூங்காவில் ஏறி, குதிரை லாயத்தில் இருக்கும் தேநீர்க்கடையில் முடியும். அன்று காலை காரில் வரும்போதே மேவிஸ் சொல்லியிருக்கலாம். நாரிஸ் பாடிக்கொண்டு வந்தார். பாடுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

மாளிகைக்கு எதிரே, மாடுகள் தோட்டத்துக்குள் வராமலிருக்க வெட்டிய மறைபள்ளத்தின் விளிம்பில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளம் தெரியாது, புல்வெளி அடிவானம்வரை ஒரே விரிப்பாக ஓடும் என்பதை நாரிஸ் விளக்கினார். அந்தக் கதையை அவர் சொல்வது எத்தனையாவது தடவையோ. எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோல் ஆச்சரியப்பட்டார்கள். பிலிப்பா மேவிஸைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார்.

மேவிஸ் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தார். பேச வாயைத் திறப்பதற்குள் நாரிஸ் அருகில் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு, கவனிச்சியா? முன்னெல்லாம் என் குதிகால மிதிச்சுக்கிட்டு வருவாங்க. இப்ப பாரு, பத்தடிக்கு ஒரு தடவ நிக்கிறாங்க. பாவம். இதை நாமளா காட்டிக்கக் கூடாது. அடுத்த தடவ ஏரிக்கரையோட திரும்பிடலாம், என்ன சொல்றே?"

மேவிஸ் சாண்ட்விச்சைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

ஏரியைத் தாண்டியதும் மான் பூங்காவின் ஏற்றம். அன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். நாட்டிங்ஹாமில் வீடு வீடாகத் தபால் போடும் ரோசலின். நாற்பது வயது, நல்ல நடை. குழுவின் வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. பாதிமேட்டில் நாரிஸ் நின்று, தூரத்தில் தெரிந்த தேவாலயக் கோபுரத்தைக் கைகாட்டினார். பின்னால் எல்லோரும் குனிந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினார்கள். ரோசலின் மட்டும் நிற்கவில்லை. "மேல காத்திருக்கேங்க" என்று சிரித்தபடி நாரிஸைத் தாண்டி, கைகளை வீசிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

நாரிஸ் அவர் போவதைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கீழே பார்த்தார். பதினெட்டுப் பேர் குனிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் போட்டிருந்தது கயிறே இல்லாத ரப்பர் பூட்ஸ்.

மேவிஸ் கீழேயிருந்து அந்த முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியது இனி எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கடைசி ஆள் யாரையும் தாண்டக் கூடாது.

மேட்டின் உச்சியில் ஒரு முத்தக்கதவு இருக்கிறது. வளைந்த சிறு கூண்டுக்குள் ஆடும் கதவு. மாடு நுழைய முடியாது, ஆள் ஒவ்வொருவராகத்தான் போக முடியும். முதலில் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு, அடுத்து வருகிறவரிடம் ஒரு முத்தம் வாங்கிய பிறகே வழி விட வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்யும் பழைய கேலி. நாரிஸ் கதவைத் தாண்டியதும் நின்றுகொண்டார். பிலிப்பாவிடம் ஏதோ சொல்லி, லாயத்தின் பக்கம் கையைக் காட்டினார். பிலிப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு முன்னால் நடந்தார். ஒவ்வொருவருக்கும் நாரிஸ் கதவைப் பிடித்து வழிவிட்டார். ரப்பர் பூட்ஸ்காரர் மட்டும் போகிறபோது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் மேவிஸ் வந்து சேர்ந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் நாரிஸ்.

"இலையுதிர் காலத்துலேர்ந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நாய்ங்களுக்குக்கூடத் தெரியும்."

நாரிஸ் கதவின் மேல்கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "நீயாவது சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"இன்னிக்குச் சொல்லத்தான் வந்தேன். காலைலேர்ந்து வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு நடக்கிறேன். நீ என்னடான்னா, அவங்களுக்கு வயசாயிடுச்சுன்னு பாவப்படறே."

நாரிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது நல்லபடியாக முடியவில்லை. பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேவிஸ் கூண்டுக்குள் நுழைந்து கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. நாரிஸ் பிடித்த பிடியை விடவில்லை.

"வழிய விடு, கிழவா."

"சும்மா விட முடியாது. இருபத்திரண்டு வருஷமா எத்தன கதவு தாண்டியிருக்கோம்? நான் முதல்ல, நீ கடைசி. ஒண்ணுலயாவது உனக்காக நின்னிருக்கேனா?"

மேவிஸ் யோசித்துப் பார்த்தார். ஒன்றில்கூட இல்லை. கட்டைக்கு மேலாகக் குனிந்து முத்தம் கொடுத்தார். மீசையில் முட்டை ஒட்டியிருக்கிறது என்றார். நாரிஸ் கதவைத் திறந்தார்.

மீதி வழியை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பின்னால் வருவதில் நாரிஸ் அப்படியொன்றும் கெட்டிக்காரரில்லை. காலில் கொப்புளம் போட்ட ஒருவரை வேகமாக நடக்கச் சொல்லி அதட்டி, மேவிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு மேய்ச்சல் கதவுகளைச் சாத்த மறந்தார். ஆனால் இறக்கத்தில் அவர் கை மேவிஸின் முழங்கையைப் பிடித்திருந்தது. தாங்குவது யார், தாங்கப்படுவது யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி மேவிஸ் அந்தக் கையைச் சற்று அணைத்துக்கொண்டார்.

தேநீர்க்கடை திறந்திருந்தது. இரண்டு ஸ்கோன் ரொட்டிகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். தான் என்ன செய்துவிட்டோம் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட ரோசலின், முகம் சிவக்க எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டார். நாரிஸ் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மறைபள்ளத்தின் கதையை முதலிலிருந்து சொன்னார்.

அடுத்த நடை ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு, கால்வாய்க் கரையோரம். முன்னால் பிலிப்பா போகிறார்.