ஒரே பேரில் இரண்டு மரம்

மலேசியாவில் பத்தாங் காலிக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய வீடமைப்பில் சூசைமுத்து பூமர மண்டோர். தோட்டம் போய்விட்டது, மண்டோர் என்கிற மேஸ்திரிப் பட்டம் மட்டும் அவரை விடவில்லை. இருந்த மரத்தையெல்லாம் சாய்த்த கம்பெனிதான், மரம் நட அவரை வைத்திருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் வேறு எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான் என்பது அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

நுழைவாயிலுக்கு இருபத்துநான்கு ‘இந்தியன் லைலாக்’ என்று தாள் வந்தது. கைப்பேசியில் தேடினார், வேப்பமரம் வந்தது. பெரியவர்களுக்குப் புத்தி வந்துவிட்டதென்று மகிழ்ந்து நட்டார். மூன்று மாதம் கழித்து வந்த மேனேஜர் பிரமிளா கேட்டதோ, சாலையோரப் புங்கோர் மரத்துக்குத் தம்பி போல ஊதாப் பூ கொத்துக்கொத்தாய்ப் பூக்கும் சின்ன மரத்தை. இரண்டுக்கும் அதே ஆங்கிலப் பெயர்.

“என்ட்ரன்ஸ்ல யாராச்சும் வேப்பமரம் வைப்பாங்களா, அங்கிள்? வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தலன்னா கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க லா.”

இருபத்துமூன்று வேம்புகளைப் பிடுங்கியாகிவிட்டது. கடைசி மரத்தில் மஞ்சள் துணி. தெருக் கூட்டுகிற தனேஸ்வரி வேண்டிக் கட்டியது. அவள் மகள் டெங்கியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மண்வாரி ஓட்டும் பாலகிருஷ்ணன் எஞ்சினை நிறுத்திச் செருப்பைக் கழற்றினான்.

“நீங்க வேதக்காரரு. ஒங்கள ஒன்னும் செய்யாதுண்ணே,” என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டான்.

சூசைமுத்துவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டபோது, அம்மா அவர் கழுத்தில் ஜெபமாலை போட்டு, கீழே வேப்பிலை பரப்பினாள். எது காப்பாற்றியது என்று இன்றுவரை தெரியாது. சிலுவை போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, “ஆத்தா, மன்னிச்சுக்க,” என்றும் சொல்லிவிட்டு மண்வெட்டியை ஓங்கினார்.

அதே குழியில் ஊதாப்பூ மரத்தை வைத்து, மஞ்சள் துணியை அதற்கு மாற்றிக் கட்டினார். பேர் ஒன்றுதான் என்றால் முகவரியும் ஒன்றுதானே? பிரமிளா வந்து, மஞ்சளும் ஊதாவும் நல்ல எடுப்பு என்று படம் பிடித்தாள். வேலை நிலைத்தது.

சாயங்காலம் தனேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். பிள்ளைக்கு ரத்த அணு இன்னும் இறங்குகிறதாம்.

“அம்மன் அதேதாம்மா. பேரு கூட மாறல,” என்றார் சூசைமுத்து, தரையைப் பார்த்து.

அவள் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.

“துவர்க்குதுண்ணே,” என்றாள். “கசக்கல.”