இரண்டு வீட்டுக்கு ஒரு மரநாய்

எங்கள் வீட்டுக் கூரைக்குள் ஒரு மரநாய் குடியிருந்தது. நாங்கள் அதை உகுடுவா என்போம்; சிங்களப் பெயர்தான் எங்கள் வாயில் வரும். அந்த வீட்டில் அதற்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் எங்களுக்கும். நிவித்திகல பக்கம் தேயிலைத் தோட்டத்து லயம் அது. தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், ஆனால் கூரையில் ஓர் ஆணியைப் பிடுங்கவும் ஆபீஸைக் கேட்க வேண்டும். கோடியில் தகரம் இற்றுப்போய் உகுடுவா வருகிறது என்று அப்பா கடிதம் கொடுத்தார். சிங்களத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். பதில் இன்றைக்கும் வரவில்லை.

லயத்துக் கூரையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு வீட்டுக்கும் ஒரே தகரம். நடுச்சுவர் தகரம் வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் சந்து இருக்கும். தண்ணீர் சொட்டாமல் இருக்க உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுவர் மட்டத்தில் கட்டிவைப்போம். அந்தச் சாக்குக்கும் தகரத்துக்கும் நடுவில்தான் உகுடுவா பகலெல்லாம் தூங்கியது. கித்துள் பனையின் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டை கொட்டையாகக் கழிந்துவைக்கும். மூத்திரம் சாக்கில் ஊறி என் கணக்குப் புத்தகத்தில் சொட்டும். ரம்பை இலை போட்டு வடித்த சோறு மாதிரி ஒரு வாசம் வேறு. பசியும் வரும், குமட்டலும் வரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில், வரிசையில் நின்ற அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் குற்றம். ஒரே லயத்தில் பத்தடி நடக்க முடியாதா என்று அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. கல்யாணமான அந்த அக்கா பிள்ளை பெற்றுத் தாய்வீட்டுக்கு வந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. பிள்ளையைப் பார்க்கவும் அம்மா போகவில்லை.

மாமா இரண்டு பேருக்கும் தம்பி. இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார், எந்த வீட்டு வழக்கையும் தீர்க்கமாட்டார். உகுடுவாவைத் துரத்த, போனில் பார்த்த யோசனை என்று தன் போனையே சாக்கில் கட்டித் தொங்கவிட்டுப் பாட்டுப் போட்டார். அது பாட்டுக்கேட்டுத் தூங்கியது. பிறகு, “காஞ்ச மொளகா பொகை போடுவோம் சின்னக்கா. அந்தப் பக்கம் ஓடிரும். ஒடனே சந்த அடச்சிருவோம்” என்றார்.

“பொகையும் வேணாம், அடைக்கவும் வேணாம்” என்றாள் அம்மா. சுளகை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அந்த நடுச்சுவர் மூலையில் போய் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். வீட்டிலேயே இருட்டான மூலை அது. அந்த வருஷம் முழுக்க எங்கள் சோற்றில் கல் கடிபட்டது. அவள் அங்கே இருக்கும்போது நாங்கள் சத்தம் போட்டால் மட்டும் திட்டு விழும்.

அம்மாவுக்குப் பயம் என்று நினைத்தேன். எனக்குப் பத்து வயது. பயம் கிடையாது, மூளையும் கிடையாது. பள்ளி லீவு நாளில் தனியாக இருந்தபோது, மீன் டின்னில் தணல் அள்ளி, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அலமாரி மேல் ஏறிச் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் புகையை உள்ளே விட்டேன். மேலே தடதடவென்று சத்தம். அது சந்து வழியாக அந்தப் பக்கம் தாவியது. இறங்கி நின்று கைதட்டினேன்.

உடனே அந்தப் பக்கம் சாக்கு கிழிந்தது. அக்கா அலறினாள்.

பகல் சாப்பாட்டுக்கு அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையில் இருந்த கொழுந்துச் சாக்கை வழியிலேயே போட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குள் ஓடினாள். நானும் ஓடினேன். சேலைத் தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி உகுடுவா விழுந்து கிடந்தது. அதன் வாயில் ஒரு குட்டி. அம்மா பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உகுடுவா அவளைப் பார்த்தது, குட்டியை விடாமல் விறகுக்குவியல் பக்கம் ஓடிவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. மிளகாய்ப் புகையில் தும்மியது, அவ்வளவுதான்.

பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

“யாருடி பொகை போட்டது?” என்றாள் அம்மா.

“நாந்தாம்மா. நம்ம வீட்டு உகுடுவாவ அவுங்க பக்கம் வெரட்டிட்டேன்.” பாராட்டுக் கிடைக்கும் என்று நின்றேன். ஓர் அறை கிடைத்தது.

“புள்ளய ஏண்டி அடிக்கிற?” என்றாள் பெரியம்மா. “வெத்தல வைக்க வராத கழுத நானு. அன்னைக்கே வந்து என்னய அடிச்சிருக்கலாம்ல?”

“அடிச்சா வாங்கிக்கிட்டு நிப்பியா நீ?”

“நிக்கமாட்டேன்.”

“அதான் வரல.”

இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். மிளகாய்ப் புகை என்று நான் நம்பினேன்.

எங்கள் பக்கச் சாக்கில் இன்னொரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. மாமா அதைப் பிஸ்கட் பெட்டியில் போட்டு விறகுக்குவியல் பக்கம் வைத்தார். பொழுது சாயும்போது தாய் வந்து கவ்விக்கொண்டு கித்துள் மரப் பக்கம் போனது. அது போனதும் அப்பாவும் மாமாவும் கோடியில் இற்றுப்போன தகரத்தைத் தட்டி, பலகை வைத்து அடைத்தார்கள்.

“ஆபீஸ்ல கேட்டா?” என்றார் அப்பா.

“உகுடுவாவே பலகை அடிச்சிச்சுன்னு சொல்லுங்க. வேணும்னா சிங்களத்துலயே எழுதிக் குடுங்க” என்றாள் பெரியம்மா.

நடுச்சுவர்ச் சந்தை யாரும் அடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா சுளகோடு அந்த மூலைக்குப் போகவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குக் கன்னமும் எரிந்தது, கோபமும் அடங்கவில்லை. ஒரு வருஷமாக அந்த மூலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கல்லுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாத இருட்டு. மேலே சந்து வழியாக அந்த வீட்டுப் பேச்சு ஒரு சொல் விடாமல் கேட்டது. பிள்ளை சிணுங்குவது கேட்டது, பெரியம்மா இருமுவது கேட்டது. வேறு ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.