கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு மணி நேரம்

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் சூரை மீன் பிடிக்கவும் நம் அரசின் அனுமதி வேண்டும். பட்டினப்பாக்கத்தில் என் அப்பாவின் போட்டுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். போட் எங்கே இருக்கிறது என்று கரைக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தினால்தான் அனுமதி என்றார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"நம்மள உளவு பாக்கற பொட்டிய நானே தூக்கினு போவணுமா?"

அனுமதி தரும் மீன்வளத் துறை ஆபீசரிடம் போய்க் கேட்டேன். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் தம்பி. படிச்ச பையன், நீதான் உங்க ஆளுங்களுக்கு எடுத்துச் சொல்லணும்." அது எனக்கு இனித்தது. அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அப்பா கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது பயணத்தில் வேறொரு குப்பத்துப் போட் இஞ்சின் நின்று, அடுத்த நாட்டுக் கடலுக்குள் மிதந்து போய்விட்டது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் தூண்டில் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டாவது போவோம்; எங்களில் யாரும் அதை யோசிப்பதில்லை. அப்பா ஆறு மணி நேரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்.

கரை வந்த வாரமே, எல்லை மீறியதாகச் சொல்லி அனுமதியை நிறுத்தி வைத்த உத்தரவு வந்தது.

"தாண்டறதுக்கு முன்னாடி கரைக்குச் சொன்னியா நைனா?"

"இன்னாத்துக்குச் சொல்லணும்? அதான் பொட்டி சொல்லிக்கினு கீதே. நீதானடா சொன்னே."

முன்கூட்டித் தகவல் தர வேண்டும் என்ற விதியை நான் படித்திருந்தேன். ஆபீசர் பேச்சை நம்பி, அப்பாவிடம் அதைச் சொல்லாமல் விட்டேன்.

இந்த முறை ஆபீசர் உட்காரச் சொல்லவில்லை.

"இழுக்கத்தான் சார் போனாங்க. பாதுகாப்புக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் எப்பப்பா சொன்னேன்? விதியெல்லாம் படிச்சு ஒத்துக்கிட்டதா கையெழுத்து இருக்கே."

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசும்போது ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேல்முறையீட்டு மனுவை நானே எழுதுகிறேன் என்று வெளியே காத்திருந்த அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் போனார். மனு டைப் செய்கிறவர் என்னைப் பார்த்தார்.

"படிச்ச புள்ளயாட்டம் கீறான், அவனே எழுத மாட்டானா?"

"அவன் அவுங்க சொல்றத எழுதுவான். நீ நான் சொல்றத எழுதுப்பா."

வயர்லெஸ் கூப்பிட்டதிலிருந்து அப்பா சொல்லத் தொடங்கினார். நான் கடைக்கு வெளியே நின்று கேட்டேன்.