சுவிட்ச் அணைந்துதான் இருந்தது

என் மதினி பேராச்சியைத் தாராவியில் சிலர் கரண்டுக்காரி என்பார்கள். வயர்மேன் நம்பிராஜனை ஊரை விட்டு ஓட்டியவள் என்பார்கள் வேறு சிலர். அவன் ஓடியது உண்மைதான். ஆனால் ஓடித் தப்பிக்க அவள் விடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் கணேசபாண்டியனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் பம்பாய்க்கு வந்தது 1956இல். நாங்குநேரிப் பக்கம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அண்ணனுக்குப் பரேலில் மில் வேலை. நான் மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டு அவர்களோடு தாராவியில் ஒரே கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், இருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஏறிப் படுக்க மேலே ஒரு பரண். வந்த மூன்றாம் மாதம் குழாயடியில் ஒருத்தி வரிசையை மீறிக் குடத்தை வைத்தாள். மதினி அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தாள். குடத்துக்காரி இந்தியில் ஏசித் தீர்த்தாள். மதினிக்கு அப்போது தெரிந்த இந்திச் சொல் ஒன்றே ஒன்றுதான். எல்லா ஏச்சுக்கும் "பீச்சே, பீச்சே", பின்னால் போ, என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாயில் பிறகு யாரும் வரிசையை மீறவில்லை.

1960இல் தங்கமயில் பிறந்தாள். அடுத்த வருடம் எங்கள் சாலுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் வந்தது. வயர் இழுக்க யாரைக் கூப்பிடுவது என்று ஊர்ச் சங்கத்தில் பேசி, நம் ஊர்க்காரன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நம்பிராஜனைக் கூப்பிட்டார்கள். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. யார் மகன், யாருக்கு மருமகன் என்பது தெரிந்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது போதும்.

எங்கள் வரிசையில் எல்லா அறையிலும் பரண் தாழ்வாக இருக்கும். சுவரில் மேலே இடம் கிடையாது. அதனால் சாமி படங்களைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு வைத்திருப்போம். உட்கார்ந்து கும்பிடுவதற்கும் அதுதான் வசதி. படத்துக்கு முன்னால் சிவப்பு ஜீரோ பல்பு எரிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. நம்பிராஜன் ஒவ்வொரு வீட்டிலும் அம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே, தரையோடு தரையாக, ஒரு பிளக் பாயிண்டும் சுவிட்சும் வைத்துக் கொடுத்தான். எல்லோருக்கும் சந்தோஷம். சில நாள் லேசாகச் சுருக்கென்று அடிக்கும். மழைக்காலம், சுவர் ஈரம் என்று சொல்லிக்கொள்வோம்.

1963 ஆடி வெள்ளிக்கிழமை. மதினி தரையைக் கழுவி, சாமி கும்பிட்டு, சிவப்புப் பல்பை அணைத்து, பிளக்கை உருவி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். தங்கமயிலுக்கு மூன்று வயது. அம்மா தினமும் பித்தளைத் தாங்கியின் ஓட்டைகளில் ஊதுபத்தி செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. தாங்கிக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்டிலும் ஓட்டைகள் இருந்தன. குத்துவிளக்கில் தொங்கிய பித்தளைத் தூண்டுகோலை எடுத்து அதில் செருகியிருக்கிறாள். தரை ஈரம் காயவில்லை. மதினி குடத்தோடு திரும்பி வந்தபோது பிள்ளை சாமிக்கு முன்னால் சாய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். தோளில் அவள் கனத்ததைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

அன்று சாயங்காலம் வாசலில் ஆட்கள் கூடியிருந்தபோது நம்பிராஜன் வந்தான். சுவிட்ச் எப்படி இருந்தது என்று அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை. அவன்தான் போர்டைக் குனிந்து பார்த்தான். வெளியே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்:

"சுவிட்சப் போட்டுட்டே போயிருக்காக. ஆஃப் பண்ணிட்டுப் போயிருந்தா இது நடந்திருக்குமா? பொம்பளையாளுக்குக் கவனம் வேண்டாமா?"

"நான் அணைச்சேன்," என்றாள் மதினி.

"பதற்றத்துல அப்படித்தான் தோணும், அக்கா."

எல்லோரும் அவனைத்தான் நம்பினார்கள். அண்ணன் நம்பினான். நானும் நம்பினேன். அதன் பிறகு குழாயடியில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார்கள். "பெத்த புள்ளைய சாமி முன்னால பலி குடுத்தவ," என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. வரிசையில் யாரையும் விடாத மதினி அன்று குடத்தை எடுத்துக்கொண்டு தானாகப் பின்னால் போனாள். சுவிட்சை அணைத்தோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு வலது கை விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி வாக்கில் அந்தச் சிவப்புப் பல்பைத் திருப்பிக் கொடுக்க அப்துல் ரவூப் பாயின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். மேலப்பாளையத்துக்காரர், நாலு பேர் பேசும் இடத்தில் அதிகம் வாய் திறக்காதவர்.

"பாய், சுவிட்ச அணைச்சு பந்த் பண்ணியாச்சுன்னா அந்த ஓட்டையில கரண்டு இருக்குமா?"

"இருக்கப்படாதும்மா."

"இருக்கப்படாதா, இருக்காதா?"

அவர் கையிலிருந்த பல்பைக் கீழே வைத்தார். "ஒழுங்காப் போட்டிருந்தா இருக்காது. கரண்டு வாற வயர வெட்டி சுவிட்சுல குடுக்கணும். சில பேரு வயர் மிச்சம் புடிக்க, திரும்பிப் போற வயர்ல குடுத்திருவான். அப்பவும் பல்பு எரியும், அணையும். பாக்கிறவுகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா சுவிட்ச் பந்த்ல இருந்தாலும் ஓட்டையில கரண்டு நிக்கும்."

அவரே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்துக் கொடுத்தார். "ஓட்டையில வச்சு, இந்தத் தலையில விரல வையிங்க. கரண்டு இருந்தா உள்ள சின்ன லைட்டு எரியும். ஒரு பொய்யும் சொல்லாது."

வீட்டில் அந்தப் பிளக் பாயிண்டைத் துணி வைத்து அடைத்திருந்தோம். துணியை உருவினாள். சுவிட்ச் அணைந்திருந்தது. ஒரு ஓட்டையில் வைத்தாள், எரியவில்லை. மறு ஓட்டையில் வைத்தாள். சிவப்பாக எரிந்தது.

"தம்பி, இங்கன வாங்க. படிச்சவுக நீங்க சொல்லுங்க. சுவிட்சு எப்படி இருக்கு?"

"அணைஞ்சிருக்கு."

"லைட்டு?"

"எரியுது, மதினி."

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மில்லிலிருந்து வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் எழுந்தான். "அவன் கைய ஒடிச்சிட்டு வாரேன்."

"கைய ஒடிச்சா ஆறு மாசத்துல கூடிரும். உக்காருங்க," என்றாள் மதினி. "அவன் வாயாலதான என்னைக் கொலைகாரி ஆக்கினான்? எனக்கு அந்த வாய் வேணும்."

தச்சுப் பட்டறையிலிருந்து மரத்துண்டுகள் வாங்கிவந்து, இரண்டு கால் வைத்த சின்னக் கட்டைகளாக என்னைச் செதுக்கச் சொன்னாள். பிளக் ஓட்டைகளில் அழுத்திச் செருகினால் பெரியவர்கள் பலமாக இழுத்தால்தான் வரும். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, நம்பிராஜன் வயர் போட்ட வீடுகளில் பிள்ளை இருக்கும் வீடுகளாகப் பார்த்துப் போனாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். "எங்க வீட்டுல நாங்க கவனமாத்தான் இருக்கோம், தாயி," என்றாள் ஒரு கிழவி. மதினி வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் உள்ளே விட்டார்கள். கட்டையைச் செருகும் முன் டெஸ்டரை ஒரு முறை வைத்துப் பார்ப்பாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்து மொத்தம் நாற்பத்தொரு வீடு. இருபத்தொன்பதில் தவறு. இத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பது அதிர்ஷ்டம் என்றேன் நான். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லையே என்று அவள் அழவில்லை. எண்ணிக்கையைத் தாளில் எழுதித் தரச் சொன்னாள்.

மறு வருடம் சித்திரையில் அம்மன் கொடைத் திருவிழாவுக்காகச் சங்கத்து அறையில் கூட்டம் நடந்தது. அங்கும் சுவரில் தாழ்வாக ஓர் அம்மன் படம் இருந்தது. கொடைக்கு விளக்கு அலங்காரம் நம்பிராஜனுக்குத்தான் என்று தலைவர் பிரம்மநாயகம் அறிவித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து மதினி எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வேலை. அந்தாப் படத்துக்குக் கீழ இருக்க பிளக்கு இவன் போட்டதுதான?"

"நான்தான் போட்டேன். அதுக்கென்ன?" என்றான் நம்பிராஜன்.

"சுவிட்ச நீங்களே உங்க கையால அணையிங்க, அண்ணாச்சி."

பிரம்மநாயகம் எழுந்து அணைத்தார். மதினி தூண்டுகோலை எடுத்து நீட்டினாள். அது எந்தத் தூண்டுகோல் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இத அந்த ரெண்டு ஓட்டையிலயும் வச்சு எடு."

"இதென்ன அக்கா, விளையாட்டா?"

"விளையாட்டுன்னா சும்மா வச்சிட்டுப் போயேன். சுவிட்சுதான் அணைஞ்சிருக்கே. அணைச்சிருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நீதான எங்க வாசல்ல நின்னு சொன்ன?"

"வையும்வே! முடி கொஞ்சம் நட்டுக்கிடும், அவ்வளவுதான்," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

நம்பிராஜன் தூண்டுகோலை வாங்கினான். மண்டியிட்டான். ஓட்டைக்கு ஒரு சாண் தூரம்வரை கை போனது, அங்கேயே நின்றது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அவன் காதோரம் வேர்வை வழிந்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"செருப்பப் போட்டுட்டு வாரேன்," என்றான்.

"எம்மவ செருப்புப் போட்டுட்டா சாமி கும்பிட்டா?" என்றாள் மதினி.

அதற்குமேல் அவன் கை நகரவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியை நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி டெஸ்டரை வைத்து அந்தச் சின்ன விளக்கை எரியவிட்டாள். பிறகு என்னை எழுந்து தாளிலிருந்த இருபத்தொன்பது வீடுகளையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடிப்பதற்குள் தாய்மார்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். குழாயடியில் அவளைப் பலி கொடுத்தவள் என்றவளும் அவர்களில் ஒருத்தி. பதினேழாவது வீடு அவளுடையது.

அவன் செருகப் போயிருந்தால் கையைப் பிடித்திருப்பீர்களா என்று பிறகொரு நாள் மதினியிடம் கேட்டேன். "மாட்டேன்," என்றாள்.

அடிக்கப் போனவர்களை அவளே விலக்கினாள். போலீசுக்குப் போகலாம் என்றார் தலைவர். அது உங்கள் இஷ்டம், அதற்கு முன்னால் இவன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்றாள். இருபத்தொன்பது வீட்டிலும் அவன் சுவிட்சைச் சரிசெய்ய வேண்டும். பிளக்கைத் தன் தோள் உயரத்துக்கு ஏற்றி வைக்க வேண்டும். பரண் இடித்தால் பரணை ஒதுக்கி வைக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, 'தப்பா வயர் போட்டது நான். பேராச்சி அக்கா சுவிட்ச அணைச்சிட்டுத்தான் போனாக' என்று சொல்ல வேண்டும்.

சொன்னான். முதல் வீட்டில் முணுமுணுத்தான். "கேக்கல," என்றாள் மதினி. சத்தமாகச் சொன்னான். ஒன்றரை மாதம், வீடு வீடாக, அவன் ஸ்டூலில் ஏறினால் அவள் கீழே டெஸ்டரோடு நின்றாள். பத்து வீட்டுக்குப் பிறகு அவன் குரல் பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிட்டது. "மனசுலேர்ந்து வரல. திரும்பச் சொல்லு," என்று வாசலுக்கே அனுப்பினாள். கடைசி வீடு எங்களுடையது.

"அக்கா, இதுக்கு மட்டும் வேற ஆளக் கூப்பிட்டுக்கிடுங்க. நான் கூலி குடுத்திருதேன்."

"பொம்பளையாளுக்குக் கவனம் வேணும்னு இங்க நின்னுதான சொன்ன? இங்கயே சொல்லு."

சொன்னான். கருகிய போர்டைக் கழற்றும்போது அழுதான். "என்னை மன்னிச்சிருங்க, அக்கா."

"ஸ்க்ரூவ இறுக்கு," என்றாள் மதினி.

எங்கள் வீட்டு வேலை முடிந்த வாரமே நம்பிராஜன் குடும்பத்தோடு செம்பூருக்குப் போய்விட்டான். புதிதாக வீடுகள் எழும்பிய காலம். ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தான். இத்தோடு முடிந்தது என்று அண்ணன் நினைத்தான். ஒரு மாதம் கழித்து மதினி என்னிடம், செம்பூருக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, அவன் வயர் இழுத்துக்கொண்டிருந்த கட்டடத்தில் போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"புள்ள இருந்திருந்தா வேலை இருந்திருக்கும்."

அவன் ஒதுங்கி நின்றான். அவள் அறை அறையாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் தோள் உயரத்தில் இருந்தது. திரும்ப ரயிலேறி வந்துவிட்டாள். இப்போது 1967. இன்றும் மாதம் ஒரு முறை போகிறாள். அவன் காண்டிராக்டரை மாற்றினால் புது இடத்தை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

போன பொங்கலுக்கு அவன் மனைவி இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் தூங்குவதில்லையாம். வேலைக்கு நிற்கும்போதே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறானாம். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அக்கா. இனி வர மாட்டேன்னு சொல்லுங்க."

மதினி அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள். "உங்க வீட்டுல பிளக்கு எம்புட்டு உசரத்துல இருக்கு?"

"ஆளு உசரத்துல."

"அப்பம் சரி. போயிட்டு வா."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மாதமும் செம்பூருக்குப் போனாள்.

இப்போது பிரம்மநாயகமும் அண்ணனும் என்னிடம் வருகிறார்கள். படித்தவன் சொன்னால் கேட்பாள், நாலு வருடம் ஆயிற்று, போதும் என்று எடுத்துச் சொல் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. அவன் இப்போது போடும் வயரில் ஒரு குற்றமும் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும். பழைய டெஸ்டரில் விளக்கு மங்கிவிட்டது என்று மதினி சொன்னாள். மாட்டுங்காவில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு போகிறேன்.