ராமாமணி கட்டிய தோட்டத்து வீடுகள்

என் வீட்டுக்காரி ராமாமணிக்கு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் டிராயிங் போடும் வேலை. பதினெட்டு வருஷம் பலகையும் பென்சிலுமாக இருந்தவளைத் தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரே மாதத்தில் பழகிவிட்டாள். நான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன், முன்கோபி. எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் கம்பெனி கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

சிங்கப்பூருக்குப் போன அவளுடைய சக ஊழியர் ஒருவர் போகிற போக்கில் அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். காட்டைத் திருத்தி, வீடு கட்டி, கிணறு வெட்டி, சந்தை வைத்து ஊரை வளர்க்க வேண்டும். ராமாமணி அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆளுக்கொரு வெள்ளாமைக் காடு, காட்டுக்கு நடுவில் வீடு, வீட்டுக்கொரு கிணறு என்று அவள் பாட்டுக்குக் கட்டினாள். பத்தே நிமிஷத்தில் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சந்தைக்குப் பக்கத்திலேயே வீடு இருக்க வேண்டுமாம். அதுதான் அந்த விளையாட்டின் சட்டம்.

“ஒட்டி ஒட்டி ஊட்டக் கட்டுனா மாடு கன்ன எங்கீங்க கட்டுறது? இதச் செஞ்சவனுக்குத் தோட்டமே தெரியலீங்க,” என்றாள். யாரோ அவளையே குறை சொல்லிவிட்ட மாதிரி முகம் சிவந்திருந்தது.

காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் தேடியபோது, இந்த விளையாட்டைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. மாற்றுவது எப்படி என்று பிரிண்ட் எடுத்து வந்தாள். புள்ளி புள்ளியாக ஓட்டு வீடு வரைந்தாள், மோட்டார் ரூம் வரைந்தாள், தென்னை வைத்தாள். எந்த வீட்டில் எத்தனை பேர், சந்தைக்கு எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பதெல்லாம் வெறும் எண்களாக ஒரு ஃபைலில் இருந்தன. அதில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஒட்டு வீடுகளுக்கான எண்கள் இருந்த வரியையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோட்டத்து வீட்டை வைத்தாள். ஆறு மாசம் பிடித்தது.

“ஏனுங்க, வந்து பாருங்க! ஒருத்தருங்கூடப் போகலீங்க!” என்று ஒருநாள் கூப்பிட்டாள். பெரிய சாதனைதான் போ என்றேன். ஆனால் மோட்டார் ரூம் கதவு அசல் எங்கள் ஊர்க் கதவு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் என் அக்கா நாச்சியம்மாள் இருக்கிறாள். அவள் மகள் லோகப்பிரியா மொபெட்டிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, அப்போது எட்டு மாசமாகப் படுக்கை. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரும் நழுவிவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டை, தான் எதையும் மாற்றுவதற்கு முன்பே, ஏற்றிக் கொடுத்தது ராமாமணிதான். “அத்தை, எங்க ஊர்ல இன்னைக்குப் பள்ளிக்கூடம் தொறந்தாச்சுங்க!” என்று அந்தப் பெண் போன் செய்வாள். அவள் வாய்விட்டுப் பேசுவதே அந்த ஊரைப் பற்றித்தான் என்பாள் அக்கா. விளையாட்டில் அவள் கட்டிய ஊரில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

தனக்கும் தோட்டத்து வீடு வேண்டும் என்று லோகப்பிரியா கேட்க, தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாப்பியோடு பஸ் ஏறினோம்.

பழைய ஃபைலை வேறு பெயரில் பத்திரமாக வையுங்கள் என்று அந்தப் பிரிண்டில் போட்டிருந்தது. ராமாமணியும் அப்படியே வைத்தாள். புதியதை ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் பழையதை அழித்துவிட்டாள். அவள் கம்பெனியில் திருத்தின டிராயிங் வந்ததும் பழையதைக் கிழித்துவிட வேண்டும். கிழிக்காவிட்டால் எவனாவது பழைய அளவில் லேத்தில் கடைந்து வார்ப்பைப் பாழாக்குவான். பதினெட்டு வருஷம் கிழித்த கை, சொல்லாமலே செய்துவிட்டது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் செய்திருந்தாள்; வேறு பிரதியும் கையில் இல்லை.

லோகப்பிரியாவின் ஊர் திறக்கவில்லை. அது பூராவும் ஒட்டு வீடுகள். அந்த வரி இல்லாமல் விளையாட்டு பாதியில் நின்றுபோனது. அரைமணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, “அழிச்சுப்போட்டனே கண்ணு,” என்றாள் ராமாமணி.

“பரவாயில்லீங்கத்தை. வேற கட்டிக்கலாமுங்க,” என்றாள் லோகப்பிரியா. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்களை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க கம்பெனியில கிழிக்கறதுன்னா கிழிச்சே போடுவீங்களா? பத்து வருசத்துக்கு முந்தின பம்புக்கு ஸ்பேர் கேட்டு வாரானே, அவனுக்கு என்ன அளவு சொல்லுவீங்க?” என்று கத்தினேன்.

ராமாமணி என்னையே பார்த்தாள். “எந்திரிங்க. ஊட்டுக்குப் போயி பீரோவுல பச்சை நோட்டு இருக்குது, எடுத்துட்டு வாங்க.”

டிராயிங் மூலையில் ஒரு கட்டம் உண்டாம். என்ன அளவு இருந்தது, என்னவாக மாறியது, என்ன தேதி என்று அதில் எழுதின பிறகுதான் பழையதைக் கிழிப்பார்களாம். விளையாட்டுக்கும் அதே பழக்கத்தில், எடுத்துவிட்ட பழைய எண்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், மகராசி!

கணபதியில் எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நின்றபடிதான். அந்த வரியில் மொத்தம் பதினோரு எண். நான் படித்தேன், அவள் அடித்தாள். திறக்கவில்லை. எட்டாவது எண்ணை நான் விட்டுவிட்டேன். “உங்களுக்குக் கண்ணு எங்கீங்க இருக்குது?” என்று திட்டிக்கொண்டே அதையும் சேர்த்தாள்.

திறந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, சந்தை இருந்தது, மூலையில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அப்பாடா! நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ராமாமணி மேஜையில் தலையை வைத்து விசும்பி விசும்பி அழுதாள்.

லோகப்பிரியா தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து முடித்தாள். பிறகு, “அத்தை,” என்றாள்.

“சொல்லு கண்ணு.”

“இப்பத் திட்டட்டுங்களா?”

ராமாமணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “திட்டு கண்ணு. நல்லாத் திட்டு.”

“எட்டு மாசமுங்க! ஒரு வார்த்தை கேக்காம அழிப்பீங்களா? உங்க கம்பெனிச் சட்டத்தை என்னோட ஊர்ல வந்து காட்டுவீங்களா? அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?”

“ஏய், பெரியவங்களை என்ன பேச்சு இது!” என்று அக்கா பாய்ந்து வந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எட்டு மாசத்தில் அந்தப் பெண் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ராமாமணி ஒவ்வொன்றுக்கும் ஆமா கண்ணு, ஆமா கண்ணு என்று தலையாட்டிக்கொண்டே சிரித்தாள்.

லோகப்பிரியாவுக்கு மூச்சு வாங்கியது. “அம்மா, குடிக்கத் தண்ணி கொண்டாங்க,” என்றாள். “நான் இன்னும் முடிக்கலீங்க.”