குதிரைக்கும் பொங்கல் வைத்தோம்

அந்த வெள்ளைக் குதிரையைப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. கார்த்திகை மழை விட்ட ஒரு விடியலில் புல் அறுக்கப் போனேன். ஏரிமேல் பனி படுத்திருந்தது. அந்தப் பனியே ஒரு இடத்தில் கெட்டியாகி நாலு காலோடு நிற்கிற மாதிரி இருந்தது. கிட்டப் போனபிறகுதான் விலா எலும்பு தெரிந்தது. பிடரியில் கல்யாண ஊர்வலத்து ஜிகினா இன்னும் ஒட்டிக்கிடந்தது. முதுகில் சேணம் அறுத்த புண், முன்னங்கால் ஒன்று நொண்டல். மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து இனி உதவாது என்று ஆனதும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் அதைக் கூப்பிடவில்லை. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் பாட்டுக்கு நடந்தேன். பின்னாலேயே குளம்புச் சத்தம் தப்பித் தப்பி வந்தது. திரும்பிப் பார்த்தால் அதுவும் நிற்கும். நடந்தால் நடக்கும். அப்படியே வீடுவரைக்கும் வந்துவிட்டது. வந்ததை எப்படி விரட்டுவது.

எங்கள் நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகும் நான் ரெண்டு பசு வைத்திருந்தேன். என் பேரை எழுதத் தெரியும், பஸ் நம்பர் படிப்பேன், படிப்பு அவ்வளவுதான். ஆனால் மாட்டு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுத்துப்பட்டில் எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் என்னைத்தான் வந்து கூப்பிடுவார்கள். அந்த நினைப்பில்தான் குதிரையையும் கொட்டகையில் மூன்றாவதாகக் கட்டினேன். புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். பசுக்களுக்கு வைத்ததையே அதற்கும் வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவள். அவள் வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டர் ரிப்பேர் கடை.

"அக்கா, அதுக்குக் கழுநீர்லாம் வேணாம். பல்லாவரத்துல எங்க பெரியப்பா குதிரை வச்சிருந்தாரு. புல்லும் கொள்ளும்தான் போடுவாரு."

"நீ எத்தினி மாடு வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப சும்மா இரு."

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்கழி முழுக்க அது மெல்ல மெல்லத் தேறியது. விடியலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். கொட்டகை இருட்டுக்குள் அது மட்டும் வெளுப்பாகத் தெரியும். புஸ்ஸென்று மூச்சுவிடும், வாய் எதிரே வெண்புகை எழும்பும். கொஞ்ச நேரம் எந்த வீட்டில், எந்தக் காலத்தில் இருக்கிறேன் என்றே எனக்கு மறந்துபோகும். கோலத்தில் ஒரு புள்ளி தவறும், அழித்துப் போடுவேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது. பசுக்களைக் குளிப்பாட்டிக் கொம்புக்குச் சாயம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டேன். குதிரைக்குக் கொம்பில்லை, அதனால் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தேன். சர்க்கரைப் பொங்கலை உருட்டி முதலில் ஊட்டியதும் நான்தான். என்னைப் பார்த்துத் தெருவே கிண்ணமும் கையுமாக வந்துவிட்டது. ஏழெட்டு வீட்டுப் பொங்கலை அது கண்ணை மூடிக்கொண்டு தின்றது.

மறுநாள் காணும் பொங்கல். காலையில் கொட்டகைக்குப் போனால் குதிரை வேர்த்து நனைந்திருந்தது. தரையைக் காலால் பறித்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. மாட்டுக்கு வயிறு உப்பினால் இடப்பக்கம் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதைத் தட்டினேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் குரல் கொடுத்தேன். அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம் போய், ஊருக்குக் கிளம்ப இருந்த மாட்டு டாக்டரம்மாவை எப்படியோ கூட்டிவந்தார்.

டாக்டரம்மா வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "என்ன தின்னுச்சு?"

"புல்லு" என்றேன்.

"புல்லு தின்னா இப்படி ஆகாதும்மா."

தெருவே சுற்றி நின்றது. பொங்கல் கொடுத்த பெண்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிரை முனகியது. அந்த முனகலுக்கு முன்னால் என் மானம் எம்மாத்திரம்.

"சக்கரைப் பொங்கல். ஒரு குண்டான் இருக்கும். நான்தான் குடுத்தேன்."

அவர் திட்டவில்லை. "மாட்டுக்கு நாலு வயிறு, தின்னதை மறுபடி வாய்க்குக் கொண்டாந்து அசை போடும். இதுக்கு ஒரே வயிறு, வாந்தி எடுக்கக்கூட முடியாது. உள்ள போனது பின்னாலதான் வரணும்" என்றார். ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். "மெதுவா நடத்திக்கிட்டே இருங்க. வலியில படுத்துப் புரள விட்டீங்கன்னா குடல் முறுக்கிக்கும், பொழைக்காது. நடுநடுவுல ஏரித் தண்ணியில காலை நிறுத்துங்க. சாயங்காலத்துக்குள்ள லத்தி போட்டா தப்பிச்சுது."

கயிற்றைப் பிடித்து நான் நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கூடவே வந்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் குத்தியது.

ஏரிக்கரையெல்லாம் புதுத்துணி. வண்டலூர் ஜூவுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் தலையை நீட்டி, "இன்னா ஆயா, குதிரை ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பிடுச்சா?" என்றான்.

"ஆமாடா, உங்க வூட்டுக்குத்தான் வருது. பாய் விரிச்சு வை" என்றாள் இவள்.

அது முன்னங்காலை மடக்கும், நாங்கள் ரெண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தூக்குவோம். மறுபடி நடப்போம். தண்ணீரில் இறக்கி நிறுத்தும்போது மட்டும் அமைதியாக நிற்கும். நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. ஏரிக்குள்ளே தலைகீழாக இன்னொரு வெள்ளைக் குதிரை. எது எங்கள் குதிரை என்று வெயிலில் எனக்குக் கண் மயங்கியது. தண்ணீருக்குள் நிற்கிறது நோவில்லாத குதிரை, அது கரையேறி வந்து இதோடு ஒட்டிக்கொண்டால் போதும் என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் அவள் சொன்னாள், "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"எல்லா வூட்லயும் குடுத்தாங்க, எங்க வூட்ல மட்டும் ஒண்ணும் இல்லையேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீங்க உள்ள போனப்ப ஒரு தூக்கு சேமியா பாயசம் வச்சேன். முந்திரியெல்லாம் போட்டு."

கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். "உங்க பெரியப்பா பாயசமா வச்சாரு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான். காலையிலிருந்து ஒற்றை ஆளாகச் சுமந்ததை அவளும் ஒரு கை பிடித்த மாதிரி இருந்தது. நான் கொஞ்சம் லேசாக நடந்தேன்.

வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பாக மாறியது. எத்தனை முறை போய்த் திரும்பினோம் என்று தெரியாது. என் கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி நடந்துகொண்டிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் குதிரை தானாகவே நின்றது. வாலைத் தூக்கியது. நாங்கள் மூச்சு விடவில்லை.

போட்டது. முதலில் கொஞ்சம், பிறகு எண்ணெய் மினுங்க ஒரு கூடைக்கு.

இவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் பண்ண பூத்துக்கு ஓடினாள். ஐம்பதை நெருங்குகிறவள் அப்படி ஓடி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்கினாள். "இனிமே பயமில்லையாம். வேர்வை அடங்கி, வயித்தைத் திரும்பிப் பாக்காம இருந்துச்சுன்னா படுக்க விடலாமாம். காலையில வந்து பாக்குறாங்களாம்."

நான் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்தது. கழுத்தில் வேர்வை காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. முன்னங்காலை மடக்கியது. பகலெல்லாம் தோள் கொடுத்த பழக்கத்தில் அவள் கிட்டப் போனாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"விடு, படுக்கட்டும்" என்றேன்.

புல்லில் அது மெல்ல இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. காலை நீட்டிக்கொண்டு தூங்கியது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.