மேட்டில் ஒரு தீப்பெட்டி

டிரைவர் சீட் இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும், முட்டி இடிக்கிறதே என்று முனகிவிட்டு சீட்டைப் பின்னால் தள்ளி வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். தீப்பெட்டியார் கிளப்பவில்லை. முட்டி இடிக்க இடிக்க அப்படியே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அதுவும் அவர் வைத்த கோணத்தில் இல்லை. கிலோமீட்டரைப் பார்த்தார். காலையில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது சட்டைப்பை நோட்டில் குறித்து வைத்ததைவிட இரண்டு கூடியிருந்தது.

"வண்டிய யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டார்.

"பூனை தொட்டுச்சு," என்றாள் மனைவி, உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே.

பூனை இரண்டு கிலோமீட்டர் ஓட்டாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மேலே கேட்கவில்லை. கேட்டால் எதிர்க்கேள்வி வரும், அவரிடமும் மறைக்க ஒன்று இருந்தது.

தீப்பெட்டியார் என்பது ஊர் வைத்த பெயர். முப்பத்து மூன்று வருஷம் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டெஸ்டுக்கு வருகிறவரை ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வண்டியைப் பாதியில் நிறுத்தச் சொல்வார். தானே இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால், ஒட்டினாற்போல் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைப்பார். "இப்ப எடுங்க" என்பார். வண்டி பின்னால் சரியாமல் முன்னேறினால் பாஸ். பெட்டி நசுங்கினால், அழுதாலும் சரி, அமைச்சர் வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி, அடுத்த மாதம் வா. முக்கியமாக, வலப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் வண்டி எடுப்பவர்களை மேடு வரைக்கும்கூட அவர் விடுவதில்லை.

அவர் நேர்மைக்கு ஊர் சொல்லும் ஒரே சாட்சி, கட்டின மனைவியையே முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் பெயில் போட்டார் என்பதுதான். ஆபீசே வேடிக்கை பார்க்க, அந்த மேட்டில், அதே தீப்பெட்டி. அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் பஸ்தான், தன் அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கல்யாண வீடுகளில் யாராவது அந்தக் கதையை எடுத்தால் தீப்பெட்டியார் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவார். என்ன அடக்கம் பாருங்கள் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய பார்சல் வேனை வாங்கி நான்கு வருஷம் தானே இழைத்தார். மடக்கினால் மேஜையாகும் கட்டில், கை கழுவத் தொட்டி, கேஸ் அடுப்பு, கதவோரம் பூனை படுக்க ஒரு தட்டு. பூனைக்கு ஜட்ஜம்மா என்று பேர். யார் என்ன செய்தாலும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும், எந்தத் தீர்ப்பையும் வாய்விட்டுச் சொல்லாது. பத்து நாள் மலை ஏறி இறங்கி வருவதாகத் திட்டம்.

கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதுதான் கண் டாக்டர் அந்தக் குண்டைப் போட்டார். "வலது கண்ணுல பாதிக்கு மேல போயிடுச்சு. சொட்டு மருந்து விட்டா மிச்சம் நிக்கும், போனது வராது. இனிமே ஸ்டியரிங் பக்கம் போகாதீங்க."

தீப்பெட்டியார் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் பயணம் இல்லை. அவளுக்கு லைசென்ஸ் இல்லை, மகளுக்கு லீவு கிடையாது, நான்கு வருஷ உழைப்பு துணி மூடி வாசலில் நிற்கும். இந்த ஒரு தடவை மட்டும், மெதுவாகப் போய் மெதுவாக வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சலுகை கொடுத்துக்கொண்டார். ஆயுசில் வேறு யாருக்கும் கொடுக்காத சலுகை அது.

குற்றம் செய்தவனுக்கு எல்லோர் முகமும் போலீஸ் முகம். அவள் அடிக்கடி "பாத்து, பாத்து" என்றாள். எதைப் பார்க்கச் சொல்கிறாள்? மகள் போன் பண்ணினால் போனை எடுத்துக்கொண்டு பைன் மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்படி என்ன ரகசியம்? பயணத்துக்கு முன்னால் பல் டாக்டரிடம் என்று வாரத்துக்கு மூன்று நாள் போய்வந்தாளே, ஒரு பல்லுக்கு இருபது தடவையா? பூனையும் கட்சி மாறிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து புறப்படும், இப்போது எங்கே வந்தாலும் சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கமாகத்தான் வருகிறது. வண்டி கிளம்பிவிட்டால் போதும், நிறுத்துகிறவரை அதன் கத்தல் ஓயாது. இவள் ஏதோ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. பூனைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று புத்திக்குத் தெரியும், மனசு கேட்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் குழைந்தாள். "வண்டிக்குள்ள புழுக்கமா இருக்குங்க. அந்த மரத்தடியில போய்ப் படுங்களேன், காத்து நல்லா வருது." முப்பத்தைந்து வருஷத்தில் அவர் தூங்குவதற்கு இவ்வளவு அக்கறை காட்டியவள் இல்லை. தூங்கி எழுந்து வந்தால் சீட் முன்னால் இருந்தது. முதல் நாள் கிலோமீட்டர் இரண்டு, மறுநாள் மூன்று.

மூன்றாம் நாள் குப்பைப் பையில் தீப்பெட்டிகள் கிடந்தன. இரண்டு தட்டையாக நசுங்கியது, ஒன்று ஓரம் மட்டும் மடங்கியது. அடுப்புக்கு லைட்டர் இருக்கிறது. இந்தப் பயணத்தில் தீப்பெட்டிக்கு வேலையே இல்லை. அவருக்கு மூக்கில் வியர்த்தது. யாரோ சிகரெட் பிடிக்கிற ஆள் வருகிறான். குள்ளமான ஆள், அதனால்தான் சீட் முன்னால் போகிறது. வந்து வண்டியை ஓட்டிப் பார்க்கிறான். எதற்கு ஓட்டிப் பார்ப்பார்கள்? வாங்கத்தான். அம்மாவும் மகளும் சேர்ந்து டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு வண்டியை விலை பேசுகிறார்கள்.

அதற்கேற்றாற்போல் ஒரு குள்ளமான ஆளும் அகப்பட்டார். பக்கத்துக் கூடாரத்துக்காரர், நாயோடு வந்தவர். தண்ணீர்க் குழாயடியில் தீப்பெட்டியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டி பிரமாதம் சார். நீங்களே செஞ்சதாமே?"

"யார் சொன்னது?"

"அம்மாதான் சொன்னாங்க."

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"ஐயையோ, அந்தப் பழக்கமெல்லாம் இல்ல சார்." இவ்வளவு அவசரமாக மறுக்கிறவனை நம்பலாமா என்று யோசித்தபடியே அவர் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். வண்டியில் சாவி இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான்காம் நாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். மரத்தடியில் துண்டை விரித்து, கண்ணை மூடி, குறட்டை விடுவதுபோல நடித்தார். கீழே ஏரி, எதிர் மலையில் இறங்கிவரும் மேகம், பைன் வாசனை. நடிப்பு எப்போது நிஜமானது என்று அவருக்கே தெரியவில்லை. விழித்தபோது தேநீர் தயாராக இருந்தது. குப்பைப் பையைக் கிளறினார். ஒரு தீப்பெட்டிகூட இல்லை. தடயத்தை அழிக்கவும் கற்றுக்கொண்டார்கள் என்று பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

ஐந்தாம் நாள் கணவாய் ஏற வேண்டும். அந்த மலையிலேயே உயரமான சாலை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கீழே பார்த்தால் மேய்கிற ஆடுகள் அரிசி போலத் தெரியும் பள்ளத்தாக்கு. தீப்பெட்டியார் இரண்டாவது கியரில் ஏறினார். ஜட்ஜம்மா வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தது. வலப்பக்கம் அவருக்குக் கலங்கிய தண்ணீராகத் தெரிந்தது, அதனால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பும்போதெல்லாம் அவள் தன்னைப் பார்ப்பதாகவும் தோன்றியது.

"நாளைக்கு யாரு வர்றாங்க?" என்றார் திடீரென்று.

"எங்க?"

"வண்டியப் பாக்க. எல்லாம் எனக்குத் தெரியும். நீயும் உன் பொண்ணும்..."

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

பேச்சை நிறுத்தச் சொல்கிறாள் என்றுதான் ஒரு கணம் நினைத்தார். கால் அதற்குள் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. ஏதோ மளுக்கென்று ஒடிந்தது. வலப்பக்கம் இருந்த மணல் குவியலில் ஒரு சாலைத் தொழிலாளி மல்லாந்து கிடந்தார். கையில் சிவப்புக் கொடியின் பாதிக் கம்பு, மீதி வண்டியின் சக்கரத்துக்கு அடியில். கொடியை ஆட்டிக்கொண்டு சாலையில் நின்றவர், கடைசி நொடியில் தாவியிருக்கிறார். அடி எதுவும் இல்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நேரே ஜன்னலுக்கு வந்தார்.

"யோவ், கண்ணு தெரியலையா?"

சாலையில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு பேரைக் கேட்கிற கேள்வி. யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. தீப்பெட்டியார் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

"தெரியல," என்றார். "வலது பக்கம் தெரியல. மன்னிச்சுடுங்க."

அந்த மனிதர் வாய்க்குள் தயாராக வைத்திருந்த மீதி வசவை விழுங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"எறங்குங்க," என்றாள் கணவரிடம்.

"எறங்கி? இந்த மேட்டுல வண்டிய யாரு எடுக்கறது?"

அவள் பூனைத் தீனி டப்பாவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். லைசென்ஸ். தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது, வேறு ஊர் ஆபீஸ் முத்திரை.

"பல் டாக்டர்," என்றார் அவர், மெல்ல.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. நான் கத்துக்கிட்டது சின்ன கார். இவ்வளவு பெரிய வண்டி பழக்கமில்ல. அதான் நீங்க தூங்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாத்தேன்."

"அப்ப என் கண்ணு விஷயம்..."

"ஜட்ஜம்மா வால மூணு தடவ மிதிச்சீங்க. மூணு தடவயும் வலது காலால. அது உங்க வலது பக்கம் வர்றத நிறுத்திடுச்சு. அப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் இறங்கினார். பின்னால் ஒரு லாரியும் இரண்டு காரும் வந்து நின்று ஹாரன் அடித்தன. கொடிக்காரர் வெறும் கையை நீட்டி அவற்றை அடக்கினார். அவள் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, அதை இரண்டு விரற்கடை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். பிறகு பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"வைங்க."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"வைங்கன்னா வைங்க."

அவர் வைத்தார். முப்பத்து மூன்று வருஷம் குனிந்த இடுப்புக்கு இந்தத் தடவை குனிவது கஷ்டமாக இருந்தது. மேகம் சாலைக்கே இறங்கி வந்திருந்தது. அவள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவு வண்டிகள் காத்திருக்கும்போதும் நிதானமாகப் பார்த்தாள். எஞ்சின் குரல் மாறியது. அந்தப் பெரிய வண்டி பின்னால் ஒரு மயிரிழைகூடச் சரியாமல் முன்னே நகர்ந்தது. தீப்பெட்டி நின்ற இடத்தில் நின்றது. லாரிக்காரர் எதற்கென்று தெரியாமலே கையைத் தட்டினார்.

வளைவு தாண்டி அகலமான இடத்தில் அவள் நிறுத்தினாள். தீப்பெட்டியார் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு மூச்சிரைக்க நடந்து வந்து இடப்பக்க சீட்டில் ஏறினார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிற்று. ஏதோ குறைகிறதே என்று யோசித்தார். பூனை கத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜட்ஜம்மா கட்டிலில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு தூங்கியது. அவர் ஓட்டிய ஐந்து நாளில் ஒரு நிமிஷம் அது அப்படித் தூங்கவில்லை.

"பாஸ்," என்றார் அவர்.

"யாரு கேட்டா? அத ஒரு இன்ஸ்பெக்டரம்மா எப்பவோ போட்டுட்டாங்க."

அவர் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனைகூட மழுங்கவில்லை. இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

"அன்னிக்கு... நீ ஆபீஸ் மேட்டுல எடுத்தியே. அந்தப் பெட்டி நசுங்கல."

கியரை மாற்றினாள்.

"எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. பாஸ் போட்டா பொண்டாட்டிக்குப் போட்டான்னு பேசுவாங்களேன்னு பயந்துட்டேன். நீ அடுத்த மாசம் வருவேன்னு நெனச்சேன். நீ வரல. அப்புறம் எல்லாரும் என்னைப் புகழ ஆரம்பிச்சுட்டாங்க, என்னால வாயத் தொறக்க முடியல." உங்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ இரண்டு பஸ் மாறினாயே என்று சொல்ல நினைத்தார். வெட்கமாக இருந்தது.

"தெரியும்," என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க உள்ள போனதும் நான் போய்ப் பாத்தேன். முழுசா நின்னுச்சு. எடுத்துட்டு வந்துட்டேன். சாயங்காலம் அந்தப் பெட்டியிலதான் குச்சி கிழிச்சு உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சீங்க."

கணவாயின் உச்சி வந்தது. மேகம் விலகி, அந்தப் பக்கத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அவள் இருந்த பக்கம் அவருடைய குருட்டுப் பக்கம். அவளைப் பார்க்க வேண்டுமானால் முழு முகத்தையும் திருப்ப வேண்டும். அவர் திருப்பினார், கீழே இறங்குகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.